தாளிக்காத பருப்பு

பிப்ரவரி 19, புதன்

வெங்காயம் நறுக்கப் போய் விரலை நறுக்கிக்கொண்டேன். இடது கை ஆள்காட்டி விரல், மூன்று தையல். ஆனால் விரலைவிட அதிகமாக வலித்தது தையல் போட்ட நர்ஸ் கேட்ட கேள்விதான்.

"என்ன வேலை பாக்கிய, அங்கிள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் பெனிட்டா சொல்லிவிட்டாள். "எங்க டாடி கிரேக்கக் கப்பல்ல சீஃப் குக்கா இருந்தாவ. ஒம்பது வருசம்."

நர்ஸ் என் விரலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடியும் விரலைப் பார்த்தார். "அந்தக் கப்பல்ல வெங்காயம் ஏத்தவே மாட்டாவளோ?" என்றார்.

நடந்தது இதுதான். பெனிட்டா வங்கி வேலையை விட்டுவிட்டு, விழா நடத்திக் கொடுக்கும் தொழில் தொடங்கி ஐந்து மாதமாகிறது. இதுவரை இரண்டு பிறந்தநாள், ஒரு காதுகுத்து. மூன்றிலும் பலூன் ஊதியது நான். இப்போதுதான் முதல் பெரிய விழா வந்திருக்கிறது. அவளுடைய கல்லூரியில் சரித்திரம் நடத்திய புனிதவதி மேடம் முப்பத்து மூன்று வருடம் கிரீஸைப் பற்றிப் பாடம் எடுத்தவர், ஒரு நாளும் கிரீஸைப் பார்த்ததில்லை. அடுத்த மாதம் மகனோடு இருக்க பெங்களூருக்கே போய்விடுகிறார். பழைய மாணவிகள் சேர்ந்து, பழைய துறைமுகத்துக்கு வந்து போகும் ஒரு சரக்குத் தோணியின் மேல்தட்டில் அவருக்குக் கிரேக்க விருந்து வைத்து வழியனுப்பப் போகிறார்கள். போட்டிக்கு வேறு இரண்டு பேர் இருந்தார்களாம். என் மகள் ஒரே வாக்கியத்தில் ஜெயித்துவிட்டாள்: "எங்க டாடி கிரேக்கக் கப்பல்ல சீஃப் குக்." அதற்குச் சாட்சியாக நான் வெங்காயம் நறுக்கும் ஒரு வீடியோ வேண்டும் என்றாள். வீடியோவில் பாதி வெங்காயமும் என் அலறலும் இருக்கின்றன.

இந்த டைரியை யாரும் படிப்பதில்லை. என் கையெழுத்தை நானே இரண்டு முறை பார்த்துத்தான் படிக்கிறேன். ஆகவே எழுதலாம். நான் சீஃப் குக் இல்லை. செகண்ட் குக்கும் இல்லை. மெஸ்மேன். அதிகாரிகளின் மேஜைக்குத் தட்டைக் கொண்டுபோவது, எடுத்து வருவது, கழுவி அடுக்குவது. 'எலெனி' கப்பலின் அடுப்பை ஒன்பது வருடம் துடைத்திருக்கிறேன், ஒரு நாளும் பற்றவைத்ததில்லை.

பெண் பார்க்கப் போனபோது என் பெரியப்பா சொன்ன பொய் அது. நான் திருத்தவில்லை. பெனிட்டா ஒன்றாம் வகுப்பில் என்னைப் படம் வரைந்தாள், தலையில் பெரிய வெள்ளைத் தொப்பியோடு. அதற்கப்புறம் எங்கே திருத்துவது?

பிப்ரவரி 20, வியாழன்

தையல் பிரிக்கிறவரை கையை அடுப்பில் காட்டக் கூடாது என்று நர்ஸ் சொன்னதாகச் சொல்லிவிட்டேன். நர்ஸ் அப்படி எதுவும் சொல்லவில்லை.

"அப்போ யாரு சமைப்பா?" என்று பெனிட்டா பதறினாள்.

"டாடி சொல்லச் சொல்ல நான் செய்யுதேன்" என்றாள் என் மனைவி எஸ்கலின், மீன் செதிளைச் சுரண்டிக்கொண்டே. "கப்பல்ல சமைச்சுச் சமைச்சு அலுத்துப் போச்சுன்னு கல்யாணத்தப்ப சொன்னாவ. இருபத்தேழு வருசமாவா ஒரு மனுசனுக்கு அலுப்பு தீராது?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 22, சனி

என் ஜெராக்ஸ் கடைக்கு புனிதவதி மேடமே வந்துவிட்டார். பருத்திப் புடவை, கையில் நோட்டு. ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

"வலேரியன், உங்களைப் பாக்கத்தான் வந்தேன். சாப்பாட்டைப் பத்திச் சொல்லுங்க. புத்தகத்துல படிச்சதெல்லாம் ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னால உள்ளவங்க சாப்பிட்டது. நீங்க பாத்தவங்க உயிரோட இருக்கிறவங்க."

சொன்னேன். ரொட்டியைக் கத்தியால் வெட்டாமல் பிய்ப்பார்கள், எலுமிச்சம்பழத்தை எதன்மேலும் பிழிவார்கள், கேப்டன் ஸ்தவ்ரோஸ் சாப்பிடும்போது ஒரு காலை நாற்காலிக் கட்டையில் தூக்கி வைத்துக்கொள்வார். மேடம் எழுதிக்கொண்டே வந்தார். லேமினேஷன் மெஷினில் யாருடைய ரேஷன் கார்டோ சுருண்டுகொண்டிருந்தது. அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"நீங்க அங்க முதமுதல்ல சமைக்கக் கத்துக்கிட்டது எது?"

எனக்கு இருமல் வந்தது. உண்மையான இருமல் மாதிரியே இருந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் பெனிட்டா கேட்டாள்: "டாடி, உங்க சிடிசி புத்தகத்தத் தாங்க. அதுல இருக்கிற போட்டோவ அழைப்பிதழ்ல போடணும்."

சிடிசி என்பது கப்பல்காரனின் ஜாதகம். எந்தக் கப்பல், எத்தனை மாதம், என்ன வேலை, எல்லாவற்றுக்கும் முத்திரை குத்தியிருப்பார்கள்.

டிரங்குப் பெட்டியின் சாவியைக் காணோம் என்றேன். சாவி என் அரைஞாணில் கிடந்தது.

பிப்ரவரி 24, திங்கள்

குளிக்கும்போது சாவியைக் கழற்றி வைத்து மறந்துவிட்டேன். மாலையில் பெட்டியைத் திறந்தால் சிடிசி தலைகீழாக இருக்கிறது. எஸ்கலின் பாச்சை உருண்டை போட்டிருப்பாள்.

பிப்ரவரி 26, புதன்

பெரிய இடி. விருந்தை ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 2 என்று வைத்திருந்தோம். தோணி என் மச்சானுடையது. மாலத்தீவில் சரக்கு இறக்க இடம் கிடைக்காமல் இன்னும் அங்கேயே நிற்கிறதாம். ஐந்தாம் தேதிதான் வந்து சேரும். எட்டாம் தேதி காலையில் அடுத்த சரக்கு ஏற்ற ஆரம்பித்துவிடுவார்கள். அதே எட்டாம் தேதி மேடத்துக்கு விமானம். ஆறாம் தேதி தோணியைக் கழுவவே போய்விடும். மிச்சமிருப்பது ஏழாம் தேதி.

"ஏழு வெள்ளிக்கிழமை" என்றாள் எஸ்கலின், காலண்டரைப் பார்த்து. "தவக்காலத்து முத வெள்ளி. கறி ஆகாது."

பெனிட்டா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் எழுதி வைத்திருந்த மெனுவில் ஆட்டுக்கறி நான்கு விதம். மாணவிகளில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள், அதில் நான்கு பேர் கன்னியாஸ்திரிகள். தவக்கால வெள்ளியில் கன்னியாஸ்திரிக்கு ஆட்டுக்கறி வைத்தால் இந்த ஊரில் அடுத்து ஒரு காதுகுத்துகூட வராது.

"மீன வச்சா அது கிரேக்க விருந்தா இருக்குமா? நம்ம வீட்டு வெள்ளிக்கிழமைச் சாப்பாடு மாதிரியில்ல இருக்கும்" என்றாள். குரல் உடைந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "கேப்டன் ஸ்தவ்ரோஸும் நோன்பு இருப்பாரு. நம்மள மாதிரி இல்ல, அவங்க நோன்பு ரொம்பக் கடுசு. கறி, முட்டை, பால் கிடையாது, மீனுகூடக் கிடையாது. ஆனா ரத்தமில்லாத கடல் சாமான் ஆகும். பேய்க்கணவாய், கணவாய், இறால். அப்புறம் கடைஞ்ச பருப்பு, வேகவச்ச கீரை. ஒரு நாளு செகண்ட் குக் தெரியாம பாலாடைக்கட்டியத் தூவிட்டான். கேப்டன் தட்ட என் கையில திருப்பிக் குடுத்திட்டாரு. நான் அத எடுத்துக்கிட்டு திரும்ப..."

நிறுத்திவிட்டேன். சீஃப் குக் எங்கேயாவது தட்டைத் தூக்கிக்கொண்டு போவானா?

பெனிட்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை எடுத்தாள். "சொல்லுங்க டாடி. திரும்ப எடுத்துட்டுப் போனிய. அப்புறம்?"

நல்லவேளை, அவள் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

புதிய அழைப்பிதழ் வந்துவிட்டது. முதலில் 'சீஃப் குக் திரு. வலேரியன் கைவண்ணத்தில்' என்று இருந்தது. இப்போது 'எலெனி கப்பலில் ஒன்பது ஆண்டுகள் இருந்த திரு. வலேரியன் நினைவிலிருந்து' என்று இருக்கிறது. அழகுக்காக மாற்றியதாகச் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் மரியாதை குறைந்தது போலத்தான் பட்டது. கேட்கவில்லை.

மார்ச் 1, சனி

ஒத்திகைச் சமையல். எங்கள் சமையலறையில் இப்படி ஒரு போர் நடந்ததில்லை.

முதலில் பேய்க்கணவாய். எட்டுக் கால் உள்ள அந்தச் சாமானை எங்கள் ஊரில் ஐஸ் கம்பெனிக்கு அனுப்புவார்களே ஒழிய வீட்டுக்குள் விடமாட்டார்கள். எஸ்கலின் வாசலிலேயே மறித்தாள். "இது என் சட்டியில வேகாது. பேரப் பாருங்க, பேயி!" கடைசியில் கொல்லைப்புறத்தில் மூன்று கல் வைத்து, பழைய சட்டியில் வேகவைத்தோம். அதற்கு முன்னால் துவைக்கிற கல்லில் நாற்பது முறை அடிக்க வேண்டும் என்றேன். எலெனியின் மேல்தட்டில் மாலுமிகள் அப்படித்தான் அடிப்பார்கள். பெனிட்டா அடித்தாள். பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "துணியா?" என்று கேட்டாள்.

அடுத்தது பருப்பு. மஞ்சள் பருப்பை மசிய வேகவைத்துக் கடைந்து, மேலே ஒலிவ எண்ணெய், பச்சை வெங்காயம், எலுமிச்சை.

"இது பருப்புக் கடைசல்" என்றாள் எஸ்கலின். "இதுக்கா கிரீஸ் வரைக்கும் போனிய?" கடுகை எடுத்தாள்.

"கடுகு போடாத."

"சீரகம்?"

"போடாத."

"கறிவேப்பில?"

"ஒண்ணும் கிடையாது. தாளிக்கவே கூடாது."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "தாளிக்காத பருப்ப நாலு பேருக்கு முன்னால வச்சா, வலேரியன் பொண்டாட்டிக்குச் சமைக்கத் தெரியாதுன்னு சொல்லுவாவ."

"சீஃப் குக் சொன்னபடிதான் செஞ்சேன்னு சொல்லு."

"ஆமா, சீஃப் குக்கு!" என்றாள். "கல்யாணமான மறுநா நீங்க போட்ட காப்பிய குடிச்சப்பவே..." அதற்குள் அடுப்பில் கணவாய் பொங்கியது. அவள் எழுந்து போய்விட்டாள்.

பிறகு அவள் செய்யச் செய்ய நான் நக்கிப் பார்த்துச் சொன்னேன். இன்னும் புளிப்பு. இவ்வளவு உப்பு வேண்டாம். கீரையை இன்னும் ஒரு கொதி. வினிகர் முதலில் போடாதே, கடைசியில். ஏழாவது முறை பேய்க்கணவாயை வாயில் வைத்தபோது கண்ணை மூடினேன். இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய அதே ருசி. "இதுதான்" என்றேன். எஸ்கலின் ஒரு துண்டை எடுத்துப் பயந்து பயந்து தின்றாள். இன்னொரு துண்டையும் எடுத்தாள். மூன்றாவதையும் எடுத்தாள்.

மார்ச் 5, புதன்

தவக்காலத் தொடக்கம், நெற்றியில் சாம்பல். தோணி வந்துவிட்டது. வாயில் இன்னும் சனிக்கிழமை எலுமிச்சை.

மார்ச் 6, வியாழன்

தோணியில், மாலத்தீவுக்கு ஏற்றிப்போன வெங்காயத்தின் நாற்றம் தாங்க முடியவில்லை. மேல்தட்டைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்தோம். கிரேக்கக் கொடிக்கு நீலமும் வெள்ளையும். எங்கள் ஊரில் மாதா திருவிழாவுக்கும் அதேதான், ஆகவே தோரணம் கிடைப்பதில் சிரமமில்லை. பாய்மரத்திலிருந்து கயிறு கயிறாகக் கட்டி முடித்தபோது தோணியின் தண்டல் சூசையண்ணன் வந்தார். தண்டல் என்றால் தோணிக்குக் கேப்டன். ஏறி வந்தவர் செருப்பைக் கழற்றினார், சிலுவை போட்டுக்கொண்டார், பாய்மரத்தடியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டார்.

"மாதா சுரூபம் எப்ப வருது?" என்று கேட்டார்.

"சுரூபம் வரல அண்ணே. பேய்க்கணவாய் வருது" என்றேன்.

ஒரு மணி நேரம் என்னோடு பேசவில்லை. மெழுகுவத்தியை மட்டும் யாரும் அணைக்கவில்லை.

எஸ்கலினுக்கும் எனக்கும் ஒரு தகராறு. எல்லாத் தட்டும் மேஜை நடுவில்தான் இருக்க வேண்டும், ஆளுக்கு ஒரு சின்னத் தட்டு, ஒரு முள்கரண்டி, நடுத்தட்டிலிருந்து அவரவர் நேரே எடுத்துச் சாப்பிட வேண்டும் என்றேன். அவள் கேட்டாள், "வாயில வச்ச கரண்டியவே திரும்ப நடுத்தட்டுல விடணுமா? எச்சில்லா?"

"அங்க அப்படித்தான்."

"எதுக்கும் எடுத்துப் போடக் கரண்டி கொண்டு போவோம்."

"அது அசல் இல்ல" என்று பிடிவாதம் பிடித்தேன். ஒன்பது வருடம் நான் சொல்லி யாரும் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள், விடுவேனா?

மார்ச் 8, சனி

நேற்று எழுதக் கை வரவில்லை. இன்று எழுதுகிறேன்.

கோயிலில் சிலுவைப்பாதை முடிந்து ஆறரைக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். முப்பத்திரண்டு பேர். எட்டு மணிக்குள் இறங்கிவிட வேண்டும் என்பது துறைமுகத்து விதி. ஆண்கள் கிரேக்க மாதிரி வெள்ளையில் வர வேண்டும் என்று எழுதியிருந்ததால், கணவன்மார் எல்லோரும் வேட்டி சட்டையில் வந்து வேட்பாளர் கூட்டம் மாதிரி நின்றார்கள். ஒருவர் மட்டும் நிஜமாகவே படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். நற்கருணை ஊர்வலத்தில் வழி தவறிய வெள்ளை அங்கிப் பீடச்சிறுவன் மாதிரி இருந்தார், பாவம். மேடம் அவரைத்தான் முதலில் கைகுலுக்கி வரவேற்றார். "நீங்க ஒருத்தராவது பாடத்தைக் கவனிச்சிருக்கீங்க!"

உட்கார்ந்தார்கள். தட்டுகள் நடுவில் வந்தன. பருப்பு, கீரை, கணவாய் வளையம், இறால், கரியடுப்பில் சுட்ட பேய்க்கணவாய். எஸ்கலின் தோணியின் பின்பக்கம் அடுப்போடு இருந்தாள்.

யாரும் சாப்பிடவில்லை.

முள்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு அம்மா பக்கத்திலிருந்தவர் காதில் எதையோ சொன்னார். 'எச்சில்' என்ற சொல் எனக்குக் கேட்டது. இன்னொருவர், "எடுத்துப் போடக் கரண்டி இருக்காம்மா?" என்று பெனிட்டாவைக் கேட்டார். தோணியில் ஒரு கரண்டி கூட இல்லை, நான் கொண்டுவர விடவில்லை. எண்ணெய் மேலே கரியடுப்புச் சாம்பல் படிய ஆரம்பித்தது. பெனிட்டா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது. இப்படித் துடிப்பதை நான் அவளுடைய ஏழாவது வயதுக்குப் பிறகு பார்க்கவில்லை.

மேடம் எழுந்தார். "வலேரியன், சீஃப் குக் நீங்கதானே? இத எப்படிச் சாப்பிடணும்னு நீங்களே சொல்லிக் குடுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். அந்தக் கணத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. சமையல்காரனாக நின்றால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சமையல்காரன் அடுப்படியில் இருப்பான். அவன் மேஜையைப் பார்த்ததே கிடையாது.

"மேடம், நான் சீஃப் குக் இல்ல" என்றேன். குரல் யாருடையதோ போல இருந்தது. "மெஸ்மேன். தட்டு கொண்டு வைக்கிறவன், எடுக்கிறவன், கழுவுறவன். எனக்கு சமைக்கத் தெரியாது. இதெல்லாம் சமைச்சது என் வீட்டுக்காரி. என் மகளுக்கு இது தெரியாது, அவ மேல தப்பில்ல. ஆனா அவங்க சாப்பிடும்போது மேஜைக்குப் பக்கத்துல ஒம்பது வருசம் நின்னது நான்தான்."

பெனிட்டாவின் முகத்தைப் பார்த்தேன். இடிந்துபோயிருப்பாள் என்று நினைத்தேன். அவள் ஒரு ஸ்டூலை இழுத்து என் பின்னால் போட்டாள். "உக்காந்து சொல்லுங்க டாடி" என்றாள். வேலை மும்முரத்தில் காதில் சரியாக விழவில்லை போலும். பின்பக்கம் எஸ்கலின் தலையைக்கூடத் திருப்பாமல் இறாலைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

மேடம் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. "சமையல் குறிப்பு எந்தப் புத்தகத்துலயும் கிடைக்கும். மேஜைக்குப் பக்கத்துல நின்னவரு எனக்குக் கிடைச்சதில்ல. சொல்லுங்க, கேப்டன் முதல்ல என்ன செய்வாரு?"

"முதல் துண்ட அவரு சாப்பிட மாட்டாரு மேடம். தன் முள்கரண்டியால எடுத்து பக்கத்துல உள்ளவர் தட்டுல வைப்பாரு. யாரோட சண்டை போட்டாரோ அவருக்குத்தான் பெரும்பாலும் வைப்பாரு. அந்த ஆளு அதச் சாப்பிட்டா சண்டை முடிஞ்சுது."

மேடம் தன் முள்கரண்டியால் பேய்க்கணவாயின் ஒரு காலை எடுத்தார். பக்கத்திலிருந்த கன்னியாஸ்திரியின் தட்டில் வைத்தார். "தெரசிட்டா, மூணாம் வருசம் உன்னைய வகுப்பை விட்டு வெளிய அனுப்பினேன், ஞாபகமிருக்கா?"

"ரெண்டு தடவ மேடம்" என்றார் சிஸ்டர். சாப்பிட்டார். மென்றார். "ரெண்டாவது தடவைக்கு இன்னொரு துண்டு வைங்க."

அவ்வளவுதான். அதற்கப்புறம் முள்கரண்டிகள் மோதிக்கொண்டன. யாருக்கு யார்மேல் எத்தனை பழைய கோபம் என்று இந்த ஊருக்கே தெரிந்துவிட்டது. ஒரு மாமியார் மருமகளுக்கு வைத்தார். மருமகள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சாப்பிட்டாள். படுக்கை விரிப்புக்காரர் பருப்பை ரொட்டியால் வழித்து, "தாளிக்காமயே இப்படி இருக்குமா?" என்று மூன்று பேரிடம் கேட்டார். எஸ்கலின் அதை மூன்று தடவையும் கேட்டுவிட்டாள் என்பது அவள் முதுகிலேயே தெரிந்தது. சூசையண்ணன் என் பக்கத்தில் வந்து நின்று, தட்டை நீட்டி, "அந்தப் பேயில கொஞ்சம் வையி" என்றார்.

இறங்கும்போது மேடம் என் கையைப் பிடித்தார். "நாளைக்கு விமானத்துல போகும்போது கிரீஸைப் பாத்துட்டு வர்றதா நினைச்சுக்குவேன்" என்றார். கட்டுப்போட்ட விரலோடு ஒரு கும்பிடு போட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

வாடகைத் தட்டுகளைத் திருப்பிக் கொடுப்பதற்காகக் கொல்லைப்புறத்தில் கழுவினோம். கழுவுவது நான், துடைப்பது பெனிட்டா. அவள் வேகம் போதவில்லை, எனக்கு மூன்று தட்டு பின்னால் வந்தாள்.

"நல்லாத்தான் கழுவுதிய டாடி" என்றாள்.

"ஒம்பது வருசம்."

"தெரியும்."

எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. சிஸ்டர் தெரசிட்டா பள்ளிக்கூட ஜூபிலி விழாவை நடத்திக் கொடுப்பது பற்றி வந்து பேசச் சொல்லியிருக்கிறாராம், அதைச் சொன்னாள். கொஞ்ச நேரம் துடைத்தாள். பிறகு கேட்டாள்.

"நீங்க சமைச்சதில்ல. மேஜையில உக்காந்து சாப்பிட்டதுமில்ல. மெஸ்மேனுக்கு வேற சாப்பாடுன்னு மம்மி சொன்னா. அப்புறம் எப்படி டாடி, எலுமிச்சை ஒரு சொட்டு கூடினாக்கூட உங்க நாக்குக்குத் தெரியுது?"

"வாசனை" என்றேன். "டாடி மூக்கு அப்படி."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அடுத்த தட்டை எடுத்துக் கொடுத்தேன்.

அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். மேஜையிலிருந்து கழுவும் தொட்டிக்குப் பதினான்கு எட்டு நடக்க வேண்டும், நடுவில் ஒரு கதவு. கதவைத் தாண்டியதும் என்னை யாரும் பார்க்க முடியாது. திரும்பி வந்த தட்டுகளில் இருந்ததையெல்லாம் அங்கே நின்று நான் தின்றிருக்கிறேன். கேப்டன் பாதி கடித்து வைத்த துண்டு, எஞ்சினியர் ரொட்டியால் வழித்தது போக ஓரத்தில் ஒட்டியிருந்த பருப்பு. ஒன்பது வருடம். பசியில் தின்றேன் என்று சொன்னால் பெனிட்டா அழுவாள், எனக்காக அந்தக் கப்பலையே திட்டுவாள். ஆனால் எங்களுக்கும் வயிறு நிறையச் சோறு போட்டார்கள். பசி இல்லை மகளே. ஆசை.